இணைப்பு மூன்றில் முதல் பெயர்

பிரிகேட் அலுவலகம்,
ஜனவரி 3

என் அன்பு மகாராணிக்கு,

நான் நலம். நீயும் வாலுவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இத்துடன் எங்கள் காலாட்படை பிரிகேட்டின் வரலாறு, முதல் இரண்டு அத்தியாயங்கள். பிரிகேட் தொடங்கி அறுபது வருடம் ஆகிறதாம், புத்தகம் போட வேண்டும் என்று பிரிகேடியர் சொல்லிவிட்டார். தலைமை எழுத்தன் இருக்கிறானே என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். இங்கே ஒருவனுக்கும் ஒற்று எங்கே வரும் என்று தெரியாது. அச்சகத்தில் உட்கார்ந்து ஊரார் பிழையெல்லாம் திருத்துகிறாய், வீட்டுக்காரன் பிழையையும் கொஞ்சம் பார்.

முதல் அத்தியாயத்தைப் படித்தால் சிரிப்பாய். பிரிகேட் முதன்முதலில் கடல் கடந்தபோது, பனி கொட்டும் நாட்டில் கோடைச் சீருடையோடு போய் இறங்கியிருக்கிறார்கள். இரண்டாவது, நான் போன பாலம் காவல். மூன்றாவது இப்போது நடப்பது. ஆற்றின் இந்தக் கரைக்காரனும் அந்தக் கரைக்காரனும் அடித்துக்கொள்ளாமல் நடுவில் நிற்கிறோம். அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச்சோடு இங்கே ஒன்றரை வருடம் முடிகிறது. வாலுவுக்கு ஒரு பொம்மை வாங்கி வைத்திருக்கிறேன். எட்டு வயதுப் பெண்ணுக்குப் பிடிக்கும் என்று கடைக்காரி சொன்னாள்.

அன்புடன்,
உன் எழுத்தன்


வீடு,
ஜனவரி 16

பிரிகேட் தலைமை எழுத்தர் அவர்களுக்கு வணக்கம்.

அத்தியாயங்கள் வந்தன. ஒற்றுப் பிழை மட்டும் நாற்பத்தேழு. கோடைச் சீருடைக் கதைக்குச் சிரித்தேன், மறைப்பானேன். அந்தச் சீருடையைக் கட்டிக் கொடுத்த கிடங்கு அதிகாரி உங்கள் வகையறாவாகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டாம் அத்தியாயத்தில் "வீரர்கள் உற்சாகத்துடன் கப்பலேறினர்" என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று நமக்குக் கல்யாணமாகிப் பதினொன்றாம் நாள். துறைமுகத்தில் என் தோளில் மூக்கைச் சிந்தியது யார்? "உற்சாகத்துடன்" என்பதற்கு எதிரே ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.

எத்தனை பேர், எந்தக் கப்பல், எந்தக் கிழமை, எத்தனை கோவேறு கழுதை என்று எல்லாம் துல்லியம். உங்கள் மகளுக்கு மட்டும் வயது தப்பு. நீங்கள் கப்பலேறியபோது எட்டு. அதன் பிறகும் அவள் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறாள், இப்போது பத்து.

நான் கேட்ட எதற்கும் பதில் இல்லை. முழங்கால் எப்படி இருக்கிறது? எந்தத் தேதிக் கப்பல்? குளியலறைக் கதவு உப்பிப்போய்ச் சாத்த வரவில்லை. தச்சர் மூன்று முறை வந்து அளவெடுத்தார், கதவு மட்டும் வரவில்லை. உள்ளே ஆள் இருப்பது தெரிய வேண்டும் என்று வாலு பாடிக்கொண்டே குளிக்கிறாள். நேற்று, "அப்பா வந்தா எங்க படுப்பாரும்மா?" என்று கேட்டாள். உங்கள் இடத்தில் இப்போது அவளுடைய புத்தக அலமாரி நிற்கிறது. தேதி சொன்னால் நகர்த்திவிடுவேன்.

இப்படிக்கு,
பிழை திருத்துபவள்


பிரிகேட் அலுவலகம்,
ஜனவரி 29

அன்பு மகாராணி,

கோபம் வேண்டாம். பத்து வயது, மனதில் எழுதிக்கொண்டேன். முழங்கால் பரவாயில்லை. கப்பல் பட்டியல் இன்னும் ஒட்டவில்லை.

"உற்சாகத்துடன்" இருக்கட்டும் என்று பிரிகேடியர் சொல்கிறார். படை வரலாற்றில் யாரும் மூக்கைச் சிந்தக் கூடாதாம். பாலத்தில் பதினான்கு மாதம் எதிரி வரவில்லை, நாங்கள் மூட்டை கட்டிய அன்று வந்தான் என்பதையும் நாசூக்காக எழுதச் சொல்லி உயிரை வாங்குகிறார். நாசூக்காக எழுதினால் அவன் வரட்டும் என்று காத்திருந்து, வந்ததும் நாங்கள் கிளம்பியது போல ஆகிறது. மூன்று முறை கிழித்துப் போட்டேன்.

மூன்றாம் அத்தியாயமும் இணைப்புகளும் இத்துடன். இணைப்புகளில் வெறும் பட்டியல்தான், மேலோட்டமாகப் பார்த்தால் போதும்.

உன் எழுத்தன்


வீடு,
பிப்ரவரி 11

பட்டியலை மேலோட்டமாகப் பார்க்கச் சொன்னீர்கள். எங்கள் வேலையில் முதலில் பார்ப்பதே பட்டியலைத்தான், எழுதுகிறவர் அங்கேதான் அசந்திருப்பார்.

இணைப்பு மூன்று. "மேலும் ஓராண்டு இங்கேயே பணிபுரியத் தாமாக முன்வந்தோர்." ஆறு பேர். கையெழுத்திட்ட வரிசை என்று அடிக்குறிப்பு வேறு. முதல் பெயர் உங்களுடையது. தேதி டிசம்பர் 28.

அதற்கு ஆறு நாள் கழித்துத்தான் மார்ச்சோடு ஒன்றரை வருடம் முடிகிறது என்று எனக்கு எழுதினீர்கள். அந்தக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். வருகிறேன் என்று நீங்கள் எழுதவே இல்லை. நானாக அப்படிப் படித்துக்கொண்டிருக்கிறேன். இதில் நான் பிழை திருத்துகிறவளாம்.

பாலத்துக்குப் போனபோது நான் வாயைத் திறக்கவில்லை, அது ஆணை. ஆற்றங்கரைக்குப் போனதும் ஆணை. இது ஆணை இல்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. பதினைந்து வருடமாக உங்களுக்காகப் பிரிகேட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன், அதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

வாலுவிடம் இன்னும் சொல்லவில்லை. போன வாரம்தான் நாங்கள் இரண்டு பேருமாக அலமாரியை நகர்த்தினோம். எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது.


பிரிகேட் அலுவலகம்,
பிப்ரவரி 24

அன்புள்ளவளே,

திட்டு. எனக்கு வேண்டும்.

பிரிகேடியர் கேட்டபோது யாரும் அசையவில்லை, பேனா என் கையில் இருந்தது என்று எழுதலாம். அது சாக்கு. இங்கே மூவாயிரம் பேர், எது எங்கே இருக்கிறது என்று என்னிடம்தான் வந்து கேட்பார்கள். போன விடுமுறையில் வந்தபோது சர்க்கரை டப்பா எங்கே என்று நான் உங்களைக் கேட்டேன். நீயும் வாலுவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தீர்கள். அந்த வீட்டில் எனக்கு என்ன வேலை என்று தெரியவில்லை. வரப் பயமாக இருக்கிறது. துப்பாக்கிச் சத்தத்துக்குக்கூட இப்படிப் பயந்ததில்லை.

மார்ச் 10 வரை பெயரைத் திரும்பப் பெறலாம். கப்பல் 15ஆம் தேதி. வா என்று நீ ஒரு வார்த்தை எழுது, பெயரை எடுத்துவிடுகிறேன்.

உன்
எழுத்தன்


வீடு,
மார்ச் 8

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் நேற்று வந்தது. பதினோரு நாள் ஆகியிருக்கிறது. இது உங்களிடம் வந்து சேர இன்னொரு பதினோரு நாள். மூவாயிரம் பேருக்குச் சாப்பாடு எத்தனை நாள் வரும் என்று கணக்குப் போடுகிறவருக்கு, பத்தாம் தேதிக்குள் என் பதில் வராது என்று தெரியாதா? என் பதில் வந்து சேர முடியாத தேதியாகப் பார்த்து வைத்துவிட்டு, என்னை ஒரு வார்த்தை எழுதச் சொல்கிறீர்கள். வேண்டுமென்றே செய்தீர்களா, எப்போதும் போல அசந்துவிட்டீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

தந்தி கொடுக்கலாமே என்பார்கள். "வாருங்கள்" என்று நான் தந்தி கொடுத்து நீங்கள் வந்தால், அதுவும் ஓர் ஆணைக்குக் கட்டுப்பட்டு வந்ததாகிவிடும். பெயரை எழுதியது நீங்கள். அடிப்பதும் நீங்களாக இருக்கட்டும்.

சர்க்கரை டப்பாவுக்குச் சிரித்தோம், உண்மைதான். டப்பா உங்கள் கையில் இருந்தது, அதனால்தான் சிரித்தோம். நீங்களும் குனிந்து பார்த்துவிட்டுச் சிரிப்பீர்கள் என்று நினைத்தோம். இதற்காகவா ஒரு மனிதர் ஒரு வருடம் ஆற்றங்கரையில் போய் நிற்பார்? வீட்டில் என்ன வேலை என்று கேட்கிறீர்கள். எனக்கு உங்களைப் பிடிக்கும். சண்டை போட நீங்கள் இல்லாமல் எனக்கு அலுத்துப்போய்விட்டது. இதற்கு மேல் என்ன வேலை வேண்டும்?

பெயரை எடுத்திருந்தால் பதினைந்தாம் தேதி நீங்கள் கப்பலேறியிருப்பீர்கள், இந்தக் கடிதம் உங்கள் கையில் கிடைக்காது. இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், எடுக்கவில்லை. அப்படியானால் புத்தகம் நல்லபடியாக வரட்டும். இனி எனக்கு எழுத வேண்டாம். நானும் எழுத மாட்டேன். வாலுவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


மார்ச் 19. பெறுநர் முகாமில் இல்லை. 15ஆம் தேதிக் கப்பலில் ஊர் திரும்பினார். இவ்வுறை பிரிக்கப்படாமல் அனுப்பியவருக்கே திருப்பப்படுகிறது.
— முகாம் அஞ்சல் எழுத்தர்