வலப்பக்கம் வந்த பந்து

9 ஜனவரி 2025, வியாழன்

1. நான், யூசுப், மட்டாஞ்சேரியில் குடியிருந்து வழக்கறிஞர் தொழில் செய்பவன்.
2. என் மகன் ஷாஹிர், வயது இருபது, கல்லூரிக் கால்பந்து அணியின் கோல்கீப்பர்.
3. இங்கே எழுதுபவை நான் நேரில் கண்டவையும் கேட்டவையும் மட்டுமே.

நேற்று அரையிறுதி. அணி வென்றது, ஆனால் ஷாஹிர் ஒரு கோலை விட்டான். பந்து வலப்பக்கம் வந்தது. அவன் பாயவில்லை, பார்த்துக்கொண்டு நின்றான். "இவனுக்கு ஜெயிக்கணும்ங்கிற மனசே இல்ல" என்றார் ஒலிபெருக்கியில் கமெண்ட்ரி சொல்லும் ரமேஷ்பாபு. மாலைக்குள் அந்தக் காணொளி எல்லார் கைபேசியிலும் ஓடியது.

10 ஜனவரி

கதவைச் சாத்திவிட்டு ஷாஹிர் சொன்னான்: வலது தோள் போன மாதமே பிசகிவிட்டது, வீசிப் பாய்ந்தால் கழன்றுவிடும்போல் இருக்கிறது. பயிற்சியாளருக்குத் தெரிந்தால் இறுதி ஆட்டத்தில் இடமில்லை. அதைப் பார்க்கத்தான் மாநில அணித் தேர்வாளர்கள் வருகிறார்கள்.

"கட்சிக்காரன் சொன்னத வக்கீல் வெளிய சொல்லக் கூடாதுல்ல, வாப்பா?"

சிரித்தான். நானும் சிரித்தேன். வாக்குக் கொடுத்தேன்.

12 ஜனவரி, ஞாயிறு

பரீத்தின் சாயாக்கடை. வெங்காய மண்டி செல்லதுரை பெஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ரமேஷ்பாபு சொன்னதுல என்ன தப்பு? போனா போகட்டும்னு நிக்கிறவன் எதுக்கு கோல்கீப்பரு?"

"மைக்கைப் பிடிச்சுட்டு அவரு நல்லாத்தான் டைவ் அடிப்பாரு. வெயில்ல நின்னு பாக்கட்டு, சேட்டா."

"மனசு, பரீதிக்கா! மனசு இருந்தா போதும்."

"அப்ப நீங்க போயி நில்லுங்க. மனசே வேண்டாம், வயிறே கோல்போஸ்ட்டை மறைச்சிரும்."

கடையே சிரித்தது. "என்ன வக்கீலே, சொந்தப் புள்ளைக்கு வாதாட மாட்டீங்களா?" என்றார் செல்லதுரை.

ஒரு வாக்கியம் போதும், எல்லார் வாயும் அடைபட்டுவிடும். சாயாவில் சர்க்கரை குறைவு என்று மட்டும் சொன்னேன்.

13 ஜனவரி

"உங்களுக்கு என்னமோ தெரியும்" என்றாள் என் மனைவி ஷபானா. வழக்குக் கட்டைப் பிரித்துவைத்துக்கொண்டேன்.

15 ஜனவரி

ஷாஹிர் அந்தக் காணொளியையே திரும்பத் திரும்பக் கேட்கிறான்.

"அவரு சொல்றது சரிதான், வாப்பா. பயந்துதான் நின்னேன்."

குற்றம் சாட்டப்பட்டவனே ஒப்புக்கொண்டபின் நான் எதை வாதிடுவது? பயிற்சியாளரின் எண்ணை எடுத்தேன். ஷாஹிர் வயது வந்தவன். அவன் உடல், அவன் முடிவு. நான் கொடுத்தது வாக்கு. சட்டப்படி எல்லாம் சரி. சரியா? — போனைக் கீழ வச்சுட்டேன்.

18 ஜனவரி, சனி

இறுதி ஆட்டம். கடைசியில் பெனால்டி. பந்து வலப்பக்கம்.

பாய்ந்தான். தடுத்தான். எழவில்லை.

"இதான்! இதான் ஜெயிக்கிற மனசு!" — ஒலிபெருக்கி. செல்லதுரை அழுதுகொண்டே என்னைக் கட்டிப்பிடித்தார். அவர் தோளுக்கு மேல நான் பாத்துட்டேன் — கை தொங்குது, அவன் கை தொங்குது. விடுங்க, விடுங்கன்னு கத்துறேன். ஒருத்தருக்கும் கேக்கல.

19 ஜனவரி

பழைய காயம், இப்போது முழுதும் கிழிந்திருக்கிறது என்றார் மருத்துவர். அறுவைச் சிகிச்சை முடிந்தாலும் கோல்கீப்பராக நிற்பது கடினமாம்.

"முன்னாடியே தெரியுமா, வக்கீலே?" என்றார் மருத்துவமனைக்கு வந்திருந்த செல்லதுரை.

"தெரியும்."

பரீத் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதன்பின் அவரும் செல்லதுரையும் எதைப் பற்றியும் வாதிடவில்லை.

அறுவைச் சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்தில் வயது வந்த நோயாளியே கையெழுத்திட வேண்டும். அவனுடைய வலக்கை கட்டுக்குள் இருந்தது. "நீங்க போடுங்க, வாப்பா" என்றான். போட்டேன்.

ஷாஹிருக்காக,
யூசுப்

சாட்சிகள்:
செல்லதுரை
பரீத்