நாய் மிதித்த ஓடு

முட்டம்,
செப்டம்பர் 8, மாதா பிறந்தநாள்

அன்புப் பேத்தி ஜிஷாவுக்குப் பாட்டி இசபெல் எழுதுவது. மாதா துணையால் இங்கே எல்லாரும் சுகம். ஜெர்மனியில் குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு பழசைத் தோண்டும் குழியில் இறங்கு.

ஜெயித்துவிட்டாய் மக்கா! நீ அனுப்பிய படத்தை உன் அம்மா போனில் காட்டினாள். ரோமாபுரிப் பட்டாளம் ஓடு சுட்ட சூளை, தீ மூட்டும் வாயோடு முழுசாக. பக்கத்திலிருந்த நீளக் கட்டடத்தைக் குதிரை லாயம் என்று உங்கள் புரொபசர் சொன்னாரே. இல்லை, ஓடு காயவைத்த கொட்டகை என்று நீ ஒருத்தி நின்றாயே. இப்போது எல்லாரும் உனக்குக் கைகொடுத்தார்களாம். கொடுக்கட்டும்.

பட்டாளத்துக்காரன் ஓடு சுடுவானா என்று முதலில் நான் நம்பவில்லை. ஓட்டில் படையின் பேரை முத்திரை குத்தியிருந்ததைப் பார்த்துத்தான் நம்பினேன். கல்யாணத்துக்கு முன்னால் நான்கு வருஷம் ஓட்டுக் கம்பெனியில் சுடாத பச்சை ஓடு சுமந்தவள் நான். காயப்போட்ட ஓட்டில் நாய் நடந்தால் மேஸ்திரி எங்களைத்தான் வைவார். படத்தில் நீ எடுத்த ஓட்டிலும் நாய்க் கால் தடம்! அங்கேயும் எவரோ வசவு வாங்கியிருக்கிறார்கள்.

இனி உன் அப்பன் செல்வதாஸ் சங்கதி. நர்ஸ் வேலை வேண்டாம் என்று நீ போனதிலிருந்து இரண்டு வருஷமாக உன்னோடு பேசாதவன். "ஒடஞ்ச ஓடு பொறுக்கவா இவள படிக்க வச்சேன்" என்று கடற்கரை முழுக்கச் சொன்னவன். படத்தைக் கண்ணாடி போட்டு வெகுநேரம் பார்த்தான். ஏணியை எடுத்தான்.

அடுக்களைக் கூரையில் ஏறி, ஓடு ஓடாகப் புரட்டி, நாய்க் கால் பதிந்த ஒன்றைக் கண்டுபிடித்து இறக்கினான். கழுவி மாதா படத்துக்குக் கீழே வைத்திருக்கிறான். வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம். "ஏலே சூசை, இது காயும்போ நாய் மிதிச்சது. இதுமாதிரி ரெண்டாயிரம் வருசத்து ஓட்ட எம்மவ எடுத்திருக்கா. குதிர லாயம்னு சொன்ன தொரைமாரெல்லாம் வாயடச்சுப் போனானுவ, கேட்டியா!"

அவன் கூட்டாளி சூசை விடுவானா? "ஓடு பொறுக்கப் போனான்னு அண்ணைக்கு ஏசுனது யாருலே?" என்று கேட்டான். உன் அப்பன் சிரித்துக்கொண்டே அவனுக்கு இன்னொரு டீ போடச் சொன்னான்.

ஓடு எடுத்த இடத்து மழை சரியாக என் அடுப்பில் விழுகிறது. திருப்பி வை என்றால் கேட்பதில்லை. "அவ வந்து பாக்கட்டும், பொறவு வைக்கலாம்" என்கிறான். அவன் வாயிலிருந்து அவ்வளவுதான் வரும், உனக்குத் தெரியும்.

கிறிஸ்துமஸுக்கு வா மக்கா. அதுவரை ஒழுக்குக்குச் சட்டி வைத்துச் சமாளிக்கிறேன். மாதா உன் கையையும் மண்வெட்டியையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
அஞ்சாம் வகுப்போடு நின்றவள்,
ஆராய்ச்சிக்காரியின் பாட்டி,
இசபெல்