உள்ளே உசுரு இருக்குது

அண்ணாச்சி,

இன்று காலை கழிவுநீர்த் தொட்டியில் மழை பெய்த வயலின் வாசம் வந்தது. "இந்த வாசம் வந்தா உள்ள இருக்கறவங்க நல்லா இருக்கறாங்கன்னு அர்த்தமுங்க மேஸ்திரி" என்பீர்கள். உள்ளே இருப்பவர்கள் என்றால் கிருமிகள். சாயத் தண்ணீரின் அழுக்கைத் தின்பதற்காக, நீங்கள் வெல்லமும் சாணியும் கரைத்து ஊற்றி வளர்த்தவை.

சாயப்பட்டறையில் நீங்கள் தொட்டிக்குப் பொறுப்பு. திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்த நான் பிளீச்சிங் மேஸ்திரி. நமக்குள் என்றைக்கு ஒத்துப்போனது? பிளீச் தண்ணீரை மொத்தமாகத் தொட்டிக்குள் திறந்துவிட வருவேன். நீங்கள் வால்வைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். "மெதுவா உடுங்க. உள்ள உசுரு இருக்குது." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆர்டர் நிற்கிறது, இவர் கிருமிக்குக் காவல் நிற்கிறார் என்று பட்டறை முழுக்கக் கேலி பேசுவேன்.

உங்களுக்குக் குடலில் புற்று என்றானபோது, கோவைக்குக் கீமோவுக்குத் துணையாக வந்ததும் இந்தச் சண்டைக்காரன்தான். இரண்டாவது கீமோவுக்குப் பிறகு பேதி நிற்கவே இல்லை. வயிறு அடங்காவிட்டால் அடுத்ததைக் கொடுக்க முடியாது என்றார் டாக்டரம்மா.

பேதியை நிறுத்தும் மருந்தோடு ஒரு பொடியும் எழுதினார். கீமோ மருந்து குடலில் இருக்கும் நல்ல கிருமிகளையும் பாதிக்கிறது, இந்தப் பொடியில் உயிருள்ள நல்ல கிருமிகள் இருக்கின்றன என்றார். எல்லோருக்கும் கேட்கும் என்று சொல்ல முடியாது, ரத்தத்தில் வெள்ளை அணு குறைந்தால் பொடியை நிறுத்திவிடுவோம் என்றும் சொன்னார்.

"கிருமியப் போயி மருந்துன்னு குடுக்குதாங்களே!" என்றேன். அத்தனை சோர்விலும் சிரித்தீர்கள்.

"நம்ம தொட்டி கதைதானுங்க. நீங்க பிளீச்ச உட்டுப்போட்டுப் போயிருவீங்க. நான் மறுபடியும் சாணி கரைச்சு ஊத்தோணுமல்லங்க?"

பொடியை நான் டீயில் கலக்கப் போக, டம்ளரைப் பிடுங்கினீர்கள். "சுடச்சுட ஊத்துனா அவிஞ்சு போயிருவாங்கல்லங்க?" வெண்ணெய்க்குப் பேர்போன ஊத்துக்குளிக்காரர் நீங்கள், மோர் இல்லாமல் சோறு இறங்காது. ஆனால் இப்போதைக்கு வீட்டு மோர் வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னதும் மறுபேச்சுப் பேசவில்லை. "தொட்டி நொந்து கெடக்கறப்பக் கண்டதையும் உள்ள உடக்கூடாதுங்க."

பேதி அடங்கியது. மருந்தா, பொடியா, உங்கள் பிடிவாதமா, எனக்குத் தெரியாது. அடுத்த கீமோவுக்கு நர்ஸ் பெண் டிரிப்ஸ் குழாயைத் திருகியபோது அவளிடம் சொன்னீர்கள்: "மெதுவா உடு கண்ணு. உள்ள உசுரு இருக்குது." அவள் சிரித்தாள். நான் வராந்தாவில் போய் நின்று அழுதேன்.

எல்லாக் கீமோவையும் முடித்தீர்கள். வேலைக்குத் திரும்பிய அன்று முதலில் தொட்டியைப் பார்த்தீர்கள், பிறகுதான் எங்களை. நோய் திரும்பி வந்து உங்களைக் கொண்டுபோனது வேறு கதை. உங்களைப் போல ஒரு தைரியசாலியை நான் பார்த்ததில்லை அண்ணாச்சி. இருந்தபோது இதைச் சொன்னால் கிண்டல் என்று நினைத்திருப்பீர்கள்.

இப்போது தொட்டி என் பொறுப்பு, கேட்டு வாங்கிக்கொண்டேன். இன்று புது பிளீச்சிங் மேஸ்திரி அவசரமாக வந்தார். வால்வின் மேல் கையை வைத்துக்கொண்டேன். இத்தனை வருடத்தில் ஒட்டாத கொங்குத் தமிழ், என்னை அறியாமல் வாயில் வந்தது.

"மெதுவா உடுங்க. உள்ள உசுரு இருக்குது."