தோணியின் எழுபத்து நான்காவது புத்தகம்

ஜூன் 10, செவ்வாய்

காலையிலிருந்து மேகமூட்டம். காற்று மட்டும், மழை இல்லை. மேற்கே மலையில் சாரல் விழுகிறது போலிருக்கிறது.

இன்றைய வேலை:
- பிரஷர் மாத்திரை (தீர்ந்து இரண்டு நாள், வீட்டுக்காரி செண்பகத்துக்குத் தெரியாது)
- மாடித் தொட்டியில் பாசி
- கண்ணாடிக்குத் திருகாணி

மூன்றில் ஒன்றும் நடக்கவில்லை. பத்து மணிக்குச் சென்னையிலிருந்து போன். நிவேதா என்று ஒரு பெண். செல்போனில் கேட்கிற நாடகங்கள் தயாரிக்கும் கம்பெனியாம். 'தோணி' வேண்டுமாம்.

அந்தப் பெயரை என்னிடம் யாராவது சொல்லி எவ்வளவு காலம். மாதம் ஒரு பாக்கெட் நாவல், சாணித்தாள், எழுபத்து மூன்று மாதம் வந்தது. தோணி என்பது விண்வெளிக் கப்பல். கேப்டன் மரகதம். கப்பலை ஓட்டுகிறவன் ஆதவன். கப்பலை நடத்தும் கம்ப்யூட்டருக்குப் பெயர் அண்ணாச்சி. சனிக்கிரகத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எல்லோரையும் 'ஏலே' போட்டு அதட்டும். ஐந்தாம் தேதி பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் தொங்கினால் பத்தாம் தேதி ஒன்றுகூட இருக்காது.

அட்டையில் ஆசிரியர் தாமிரன். அப்படி ஓர் ஆள் கிடையாது. ஒற்றைப்படைப் புத்தகங்கள் நான், பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் வாத்தியார். இரட்டைப்படையெல்லாம் சுப்பையா, மணிமுத்தாறு அணையில் ஷட்டர் பார்க்கிற வேலை.

"அவ்வளவு நல்லா போயிட்டிருந்தது ஏன் சார் திடீர்னு நின்னுச்சு?" என்று கேட்டாள். நாடகத்துக்கு முன்னுரையில் சொல்ல வேண்டுமாம். டி.வி. சீரியல் வந்துவிட்டதம்மா என்றேன். எல்லோரிடமும் சொல்வதுதான்.

இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டுமாம். சரி என்று வைத்துவிட்டேன். சுப்பையாவும் நானும் பேசி இருபத்து நான்கு வருஷம் ஆகிறது என்பதைச் சொல்ல வாய் வரவில்லை.

ஜூன் 11, புதன்

மாத்திரை வாங்க வண்ணார்பேட்டை. பாலத்தின் கீழே ஆற்றில் தண்ணீர் கொஞ்சம் கூடியிருக்கிறது. பழைய புத்தகக் கடைக்காரரிடம் தோணி ஏதாவது வருகிறதா என்று சும்மா கேட்டேன். நான் எழுதியது என்று அவருக்குத் தெரியும். ஒரு தத்துவம் சொன்னார்.

"சயின்ஸு கதைக்கு ஆயுசு கம்மி அண்ணாச்சி. நீங்க ஐந்நூறு வருசம் கழிச்சு வரும்னு எழுதுன போனு இப்பம் என் சட்டைப் பையில கெடக்கு. பெறகு எவன் படிப்பான்?"

தோணி ஏன் நின்றது என்று நான் இதுவரை கேட்ட காரணங்கள்: சீரியல். காகித விலை. பதிப்பாளரின் மகனுக்குப் புத்தகத்தில் ஆசை இல்லை. செல்போன். படித்த பையன்களுக்கெல்லாம் கல்யாணம் ஆகிவிட்டது. எல்லாமே கொஞ்சம் உண்மை. அவையெல்லாம் நின்ற பிறகு வந்து ஒட்டிக்கொண்ட காரணங்கள்.

நடந்தது இது. எழுபத்து மூன்றாவது புத்தகத்தில் மரகதத்துக்கும் ஆதவனுக்கும் கல்யாணம் செய்துவைத்தேன். வாசகர்கள் ஆறு வருஷமாகக் கேட்டது. வியாழனின் நிலாவில் மாலை மாற்றினார்கள், அண்ணாச்சி நாதஸ்வரம் வாசித்தார். எனக்கே பெருமையாக இருந்தது. அச்சாகி வந்த அன்று சாயங்காலம் செண்பகம் படித்துவிட்டு அடுப்படியிலிருந்தே கேட்டாள்.

"ஏங்க, இவ அவனுக்குத் தங்கச்சில்லா வேணும்? எட்டாவதுல ரெண்டு பேரோட அம்மையும் அக்கா தங்கச்சின்னு போட்டிருக்கே."

எட்டாவது சுப்பையாவுடையது. அதில் ஒரே ஒரு பத்தி.

மறு வாரம் பதிப்பாளர் வாசகர்களின் தபால் கார்டுகளைச் சாக்கில் கட்டி அனுப்பினார். அம்பாசமுத்திரத்து அம்மா ஒருத்தர், வானத்துக்குப் போனால் முறை மாறிவிடுமா என்று கேட்டிருந்தார். ஒரு வக்கீல் குமாஸ்தா இரண்டு குடும்பத்துக்கும் வம்சப் படம் போட்டு, சிவப்பு மையில் சுழித்து அனுப்பியிருந்தார். ஆறு வருஷம் ஒளியைவிட வேகமாகக் கப்பல் ஓட்டினேன், ஒருத்தர் ஏன் என்று கேட்கவில்லை. பெரியம்மா மகனுக்குப் பெண்ணைக் கட்டிவைத்தேன், ஊரே எழுந்து நின்றது.

மாத்திரை வாங்கியாயிற்று. திருகாணி மறந்துவிட்டது.

ஜூன் 13, வெள்ளி

நேற்று எழுதவில்லை. தொட்டியைக் கழுவி இடுப்புப் பிடித்துக்கொண்டது.

நிவேதா மறுபடி. இந்தக் கல்யாண விவகாரம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது, அவளுடைய அப்பா சொன்னாராம். சிரித்தாள். இப்படி ஒரு கல்யாணத்தை அவர்கள் வீட்டிலும் விட மாட்டார்களாம். பிறகு கேட்டாளே ஒரு கேள்வி.

"எட்டாவது புக்ல அந்த ரெண்டு வரியை எடுத்துட்டா போதுமே சார். இதுக்காகவா ஒரு சீரீஸையே நிறுத்துவாங்க?"

டவர் இல்லை என்று வைத்துவிட்டேன். வயது எழுபது, இன்னும் பொய்.

அவள் சொல்வது சரிதான். இரண்டு வரி. மூச்சுக்காற்று குறைந்து மயக்கத்தில் ஆதவன் உளறியது என்று ஒரு வரி போட்டால் சரியாகியிருக்கும். எழுபத்து நான்காவது சுப்பையாவுடைய புத்தகம், அவர் போட்டிருப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை வண்ணார்பேட்டை டீக்கடையில் நான் அதைத்தான் சொல்லப் போனேன். அவர் முதலில் ஒன்று கேட்டார்.

"எட்டாவதைப் படிச்சீராவே?"

படித்தேன், மறந்துபோயிற்று என்றேன். என் முகத்தையே பார்த்தார். பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து பஸ் ஏறிப் போய்விட்டார். எழுபத்து நான்கு வரவே இல்லை. எழுபத்து மூன்றின் பின்னட்டையில் 'விரைவில்' என்று போட்டிருக்கிறது.

இங்கே எழுதலாம், யாரும் பார்க்கப் போவதில்லை. நான் எட்டாவதைப் படிக்கவில்லை. சுப்பையா எழுதிய முப்பத்தாறில் ஒன்றைக்கூடப் படித்ததில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு டீக்கடையில் அவர் கதையை நடித்தே சொல்வார், நான் பரீட்சைத் தாளின் பின்பக்கம் நாலு வரி குறித்துக்கொள்வேன். அதை வைத்து என்னுடையதை எழுதுவேன். அறிவியல் என்னுடையது, அவர் வேடிக்கைக்கு என்று நினைப்பு. வேடிக்கையை வாயால் கேட்டால் போதாதா என்று இருந்துவிட்டேன்.

ஜூன் 14, சனி

செண்பகத்தின் டிரங்குப் பெட்டி. எழுபத்து மூன்றும் வரிசையாக, நடுவில் வேப்பிலை. எதற்கு என்று அவள் கேட்கவில்லை. இரட்டைப்படையை மட்டும் எடுத்துக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்தேன்.

காலையில் இரண்டு, நான்கு, ஆறு. சாப்பாட்டுக்குப் பிறகு எட்டு.

அந்தப் பத்தி அரைப் பக்கம். கப்பலில் காற்று தீர்கிறது. ஆதவன் கண்ணை மூடிக்கொண்டு கல்லிடைக்குறிச்சிப் படித்துறையைப் பேசுகிறான். அக்காவும் தங்கையும் துணி துவைக்கிறார்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் எண்ணெய் தேய்த்துக் கரையில் உட்கார வைத்திருக்கிறார்கள். எண்ணெய் கண்ணில் இறங்கி அவன் அழுகிறான், சின்னவள் மரகதம் ஊதிவிடுகிறாள். அவ்வளவுதான். எழுபத்து மூன்று புத்தகத்திலும் இதைவிட நல்லதாக ஒரு பத்தி கிடையாது. நான் எழுதியதில் நிச்சயமாகக் கிடையாது. பொறாமையாக இருந்தது. பிறகு வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

வெயில். நாற்பது வரை வந்துவிட்டேன். சந்தேகத்துக்கு என்னுடையவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

ஐந்தாவதில் ஒரு மெக்கானிக்கைக் கப்பலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, மறந்து, கதையை முடித்திருக்கிறேன். ஆறாவதின் முதல் பக்கத்தில் அண்ணாச்சி கதவைத் திறக்கிறார்: "ஏலே, உள்ள வா. உன்னைய மறந்துட்டானுவ."

பதினேழில் டாக்டரம்மாவைக் கொன்றேன். பத்தொன்பதில் அவளே வந்து ஊசி போடுகிறாள். இருபதில் சுப்பையா அவளுக்கு ஒரு தங்கையைப் படைத்து, அவளையும் டாக்டருக்குப் படிக்கவைத்து, அக்காவின் கோட்டையே மாட்டிவிட்டிருக்கிறார்.

முப்பத்தொன்றில் எரிபொருள் கணக்கில் ஒரு சைபர் விட்டிருக்கிறேன், பிசிக்ஸ் வாத்தியார். முப்பத்திரண்டில் ஷட்டரில் கசிவு என்று சொல்லி அணைக்காரர் அதைச் சரிக்கட்டியிருக்கிறார்.

ஆறு வருஷம். தோணியில் நான் ஓட்டை போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன், அவர் அடைத்துக்கொண்டே வந்திருக்கிறார். டீக்கடையில் இதில் ஒன்றைக்கூடச் சொன்னதில்லை. அதைச் சொல்லியிருந்தால் நான் படிக்கவில்லை என்பதையும் சொன்னது மாதிரி ஆகியிருக்கும்.

சாயங்காலம் செண்பகம் காப்பியை வைத்துவிட்டு நின்றாள். சுப்பையாவின் மனைவி, மதினியிடம் இத்தனை வருஷமும் போனில் பேசிக்கொண்டுதான் இருக்கிறாளாம். எனக்குத் தெரிய வேண்டாம் என்று இருந்திருக்கிறார்கள்.

"இங்கன உக்காந்து படிச்சுட்டா ஆச்சா? போயி நேருல சொல்லுங்க. அவுகளும் எழுபது தாண்டியாச்சு."

ஜூன் 17, செவ்வாய்

எழுபத்திரண்டும் முடிந்தது. நாளை மணிமுத்தாறு. நிவேதா அனுப்பிய தாள்களைத் தெருமுனைக் கடையில் பிரிண்ட் எடுத்தேன். அல்வா வாங்கவா என்று செண்பகத்திடம் கேட்டேன். சுப்பையாவுக்குச் சர்க்கரையாம். வெறுங்கையோடு போகச் சொன்னாள்.

கண்ணாடித் திருகாணி, ஒருவழியாக.

ஜூன் 18, புதன்

அம்பாசமுத்திரத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. கல்லிடைக்குறிச்சி தாண்டியதும் சாரல். ஜன்னலோரத்தில் நனைந்துகொண்டே போனேன், ஷட்டரை இறக்கத் தோன்றவில்லை. என்ன சொல்வது என்று மூன்று விதமாக யோசித்து வைத்திருந்தேன்.

அணைக்குப் போகிற சாலையிலேயே வீடு. சுப்பையா வாழைக்குத் தண்ணீர் விடுகிற குழாயில் ஓட்டையை ரப்பர் சுற்றி அடைத்துக்கொண்டிருந்தார். மெலிந்துவிட்டார். மீசை இல்லை. நிமிர்ந்து பார்த்தார்.

"வாரும்வே. அங்கன வழுக்கும், பைய வாரும்."

போன வாரம் பார்த்தவனிடம் சொல்கிறது மாதிரி. யோசித்து வைத்த மூன்றும் போய்விட்டது. நின்ற இடத்திலேயே சொன்னேன். எட்டாவதைப் படிக்கவில்லை, ஒன்றையுமே படிக்கவில்லை, அன்றைக்குச் சொன்னது பொய், இப்போதுதான் நான்கு நாளாகப் படித்தேன்.

"தெரியும்வே" என்றார்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். பத்தாவது எழுதும்போதே தெரியுமாம். தெரிந்தும் ஏன் ஆறு வருஷம் எழுதினீர் என்றேன். குழாயைக் கீழே வைத்தார்.

"அடுத்த மாசம் படிப்பீரு, அடுத்த மாசம் படிப்பீருன்னு இருந்துட்டேன். படிக்காதது கூடப் பெரிசில்லவே. மூஞ்சிக்கு நேரா படிச்சேன்னுட்டீரு. பெறகு நான் யாருக்கு எழுத?"

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அவர் துண்டால் கையைத் துடைத்துவிட்டு அதே துண்டை என்னிடம் நீட்டினார், சேறும் சகதியுமாக.

மதினி சீனியில்லாக் காப்பி தந்தார்கள். தாள்களை எடுத்ததும், படிக்காமலே எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டார். படித்துவிட்டுப் போடும் என்றேன். உம்மைப் போல நானும் ஒரு தடவை இருந்து பார்க்கிறேன் என்றார். மதினிதான் முதலில் சிரித்தார்கள்.

கிளம்பும்போது பீரோவிலிருந்து பழுப்புக் கவர் ஒன்றைக் கொண்டுவந்தார். மேலே 74 என்று எழுதியிருந்தது. அந்த மாதமே எழுதிவிட்டாராம். ஏன் அனுப்பவில்லை என்றேன்.

"நீரு கேப்பீருன்னு வச்சிருந்தேன்."

பஸ்ஸில் பிரிக்கவில்லை. மடியிலேயே வைத்திருந்தேன், சட்டைக்கு உள்ளே, நனையாமல்.

ஜூன் 19, வியாழன்

வானம் தெளிவு. காலைக் காப்பிக்குப் பிறகு எழுபத்து நான்கு.

கழுத்தில் மாலையோடு மரகதம் அண்ணாச்சியிடம் போகிறாள். கல்யாணத்துக்கு முன்னால் கப்பலின் பதிவேட்டைப் படித்து முறை பார்க்கச் சொன்னேனே, பார்த்தாயா என்று கேட்கிறாள். தோணியின் விளக்குகள் ஒவ்வொன்றாக மங்குகின்றன. கடைசிப் பக்கத்தில்தான் பதில்:

"ஏட்டி மரகதம், நான் படிக்கல. படிச்சேன்னு சொன்னது பொய்யி. ஒருத்தன் நல்லா எழுதி வச்சிருந்தான், நான் ஒரு பக்கம் பெரட்டல. இனி நீ என்னைய நம்ப வேண்டாம். நிப்பாட்டிரு."

மரகதம் அண்ணாச்சியின் சுவிட்சில் கை வைக்கிறாள். அதோடு முடிகிறது.

டீக்கடையில் நான் சொல்லியிருக்க வேண்டியதை எனக்காக அவரே எழுதி, இருபத்து நான்கு வருஷம் பீரோவில் வைத்திருந்திருக்கிறார்.

பதினொரு மணிக்கு நிவேதா. கையெழுத்து வாங்கிவிட்டேன் என்றதும் சந்தோஷம். நின்றதற்கு டி.வி. சீரியல் என்றே முன்னுரையில் போட்டுவிடவா என்றாள். வேண்டாம், எழுதிய இருவரில் ஒருவன் மற்றவனைப் படிக்கவில்லை என்று போடு என்றேன். யார் சார் அது என்றாள். சொன்னேன்.

எழுபத்தைந்து ஒற்றைப்படை. மத்தியானம் தாளை எடுத்து உட்கார்ந்தேன். மரகதம் சுவிட்சிலிருந்து கையை எடுத்தாள் என்று எழுதினேன். அடித்தேன். அதை நானே எழுதிக்கொள்வது என்ன நியாயம்? செண்பகத்திடம் நம்பர் வாங்கி சுப்பையாவுக்குப் போன் போட்டேன். அண்ணாச்சியை அவள் நிறுத்திவிடுவாளா, விட்டுவிடுவாளா, நீரே சொல்லும் என்று கேட்டேன்.

"அது உம்ம புத்தகம்வே. எழுதும். நான் படிக்கேன்."