ஈயமில்லாத தொண்ணூற்றொன்று

பிப்ரவரி 3
இன்றும் எண்பத்தேழு. ஈயக் கலவை சேர்க்காத பெட்ரோலை ஊற்றினால் ஆய்வகத்தில் நான் ஓட்டும் சோதனை எஞ்சின் லொட்லொட்டென்று தட்டுகிறது. ஈயம் இல்லாமலே ஆக்டேன், அதாவது எஞ்சின் தட்டாமல் ஓடுவதற்கான எண், தொண்ணூற்றொன்று வந்தால்தான் பெட்ரோலில் ஈயம் கலக்கும் கொட்டகையை மூடுவார்களாம். என் வீட்டுக்காரர் இவருக்கு வேலை அங்கேதான். ரத்தத்தில் ஈயம் ஏறிக்கொண்டே போகிறது. தூக்கமில்லை, தொட்டதற்கெல்லாம் வள்ளென்று விழுகிறார். அங்கே எஞ்சின், இங்கே இவர். காது வலிக்கிறது.

பிப்ரவரி 11
சுத்திகரிப்பு யூனிட்டில் உலைச் சூட்டை ஏற்றினார்கள். எண்பத்தொன்பது வந்தது. அதற்குள் வினையூக்கியில் கரி படிந்துவிட்டது. யூனிட்டை நிறுத்திக் கரியை எரித்தெடுக்க வேண்டும்.

பிப்ரவரி 12
எழுத ஒன்றும் இல்லை. அலுப்பு.

பிப்ரவரி 24
தொண்ணூற்றொன்று! மேனேஜரே ஆய்வகத்துக்கு வந்தார். "நாளைக்கே கொட்டகைக்குப் பூட்டு போட்டுடலாம்மா." இவருக்கு போன் போட்டுச் சொன்னேன். சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

மாலையில்தான் உறுத்தியது. அதே சூடு, அதே சரக்கு. எண் மட்டும் எப்படி எகிறும்? மாதிரியில் ஈயம் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. ஈயப் பெட்ரோல் ஓடிய பழைய குழாயைக் கழுவாமலே அதன் வழியாக அனுப்பியிருக்கிறார்கள், மகராசன்கள்.

சொல்லாமல் விட்டால்? கொட்டகை மூடும். அடுத்த தொட்டி எண்பத்தொன்பதில் நிற்கும், மறுபடி திறப்பார்கள். இவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் அதுவரையாவது — ஐயோ, எனக்கு ஏன் இந்தப் பாடு?

பிப்ரவரி 25
சொல்லிவிட்டேன். மேனேஜர் முகம் சுண்டிப்போனது. வீட்டில் இவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "வாயை மூடிக்கிட்டு இருக்கத் தெரியாதா உனக்கு? அங்க போய் நிக்கறது நான்தானே?"
இவர்தானே நிற்கிறார். அழுதேன்.

மார்ச் 9
குழாய், தொட்டி எல்லாம் கழுவியாயிற்று. பெட்ரோலுக்கு மூலச் சரக்கான நாப்தாவின் லேசான பகுதியைப் பிரித்து, வேறொரு யூனிட்டில் உருமாற்றிக் கலந்து பார்க்கிறார்கள். தொண்ணூறு. இவர் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஏப்ரல் 2
தொண்ணூற்றொன்று. நம்பாமல் ஈயத்தை இரண்டு தடவை பார்த்தேன். துளி இல்லை. கொட்டகையைப் பூட்டிவிட்டார்கள். இவரை பம்ப் ஹவுஸுக்கு மாற்றியாயிற்று. "சரி" என்று மட்டும் சொன்னார்.

மே 18
ஞாயிறு. மத்தியானம் ஆய்வகத்திலிருந்து போன்: புதுத் தொட்டியும் தொண்ணூற்றொன்றாம். இவரிடம் சொல்லலாம் என்று உள்ளே போனேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எழுப்பினால் வள்ளென்று விழுவார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். எண்ணை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.