நாற்பத்தொரு பிள்ளைகளின் வீட்டுப் பெயர்கள்

அனுப்புநர்:
யா. இன்னாசிமேரி, க/பெ. யாகப்பன்,
தலைவி, அக்கம்பக்கம் பிள்ளைகள் காப்புக் குழு,
பனங்காட்டுத் தெரு, கடலூர் முதுநகர்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், கடலூர்.

பொருள்: எங்கள் பகுதிப் பிள்ளைகளின் விவரம் எழுதிய நோட்டு அடையாளம் தெரியாத நபரிடம் சென்றது, அவரைக் கண்டுபிடிக்கவும் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு அளிக்கவும் வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஒருவர் மீது புகார் சொல்லவே இந்த மனுவை எழுதுகிறேன். ஆனால் அவருக்கு வழி திறந்துவிட்டது நான்தான். அதை மறைத்து எழுதினால் மற்றது எதுவும் தங்களுக்கு விளங்காது. ஆகையால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2. எங்கள் குழு 2005 ஜனவரியில், சுனாமி முகாமில் தொடங்கியது. அப்போது வேன்களில் யார் யாரோ வந்து, தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளை வளர்ப்பதாகச் சொல்லிக் கேட்டார்கள். ஒரு சிறுமிக்குத் தாய்மாமன் என்று ஒரே நாளில் மூன்று பேர் வந்து நின்றார்கள். எங்கள் பால்வாடி டீச்சர் அமராவதி அந்த மூவரிடமும், வீட்டில் இவளை என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். மூவரும் வாயைத் திறக்காமல் போய்விட்டார்கள். அன்றிலிருந்து அதுவே எங்கள் சட்டம். வீட்டுப் பெயரைச் சரியாகச் சொல்லாத யாரிடமும் பிள்ளையை அனுப்புவதில்லை. அந்தப் பெயரைச் சொல்லாதவருடன் போகக் கூடாது என்று பிள்ளைகளுக்கும் சொல்லி வளர்த்தோம்.

3. இன்று குழுவில் இருபத்தேழு குடும்பங்கள் இருக்கின்றன. மாதா கோவிலுக்குப் போகிறவர்களும் உண்டு, மாரியம்மன் கோவிலுக்குப் போகிறவர்களும் உண்டு. மீன் கம்பெனிக்கும் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகும் தாய்மார்கள் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளை முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். பங்குச் சாமியார் மாலையில் பள்ளிக்கூட அறை ஒன்றைத் திறந்துவிடுகிறார். ஆட்டோ ஓட்டும் சுப்புராயன் சிறுபிள்ளைகளை ஏற்றி இறக்குகிறார். ஏழு வருடத்தில் ஒரு பிள்ளைக்கும் கீறல் விழவில்லை. அந்தப் பெருமை எனக்கு இருந்தது. அதுவே என் கண்ணையும் மறைத்தது.

4. தானே புயலில் கூரைகள் போன பிறகு, நிவாரணம் தரும் அமைப்புகள் எல்லாம் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்று 21.01.2012 அன்று ஒரு திருமண மண்டபத்தில் கூட்டம் நடந்தது. அங்கே கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவர், தம் பெயர் ராபர்ட் என்றும், சிதம்பரத்தில் குழந்தைகள் இல்லம் நடத்துவதாகவும் சொன்னார். எங்கள் குழுவைப் பற்றி நான் பேசியதற்கு முதலில் கை தட்டியவர் அவர்தான். எந்தக் குடும்பத்துக்கு என்ன உதவி தேவை என்று பார்க்க விவரம் வேண்டும் என்றார். அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர் எல்லாரும் அரசு பார்த்து அனுமதித்தவர்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். 23ஆம் தேதி அவர் வீட்டுக்கு வந்தபோது குழுவின் நோட்டை எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் மாலையே நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதனால் சந்தேகமே வரவில்லை.

5. அந்த நோட்டில் நாற்பத்தொரு பிள்ளைகளின் பெயர், வயது, பள்ளி விடும் நேரம், தாய் வேலைக்குப் போகும் இடம், திரும்பும் நேரம், எந்த நேரத்தில் எந்த வீட்டில் பெரியவர் இல்லை என்பது எல்லாம் என் கையெழுத்தில் இருந்தது. கடைசிக் கட்டத்தில் வீட்டுப் பெயர்கள். முறைக்கு வரும் புதுத் தாய்மார்கள் மறந்துபோகிறார்கள் என்று போன வருடம் நான்தான் அந்தக் கட்டத்தைச் சேர்த்தேன். எழுதி வைக்க வேண்டாம் என்று அமராவதி அன்றே சொன்னார். நான் கேட்கவில்லை.

6. 24.02.2012 வெள்ளிக்கிழமை மாலை நான்கே கால் மணிக்கு, ஜான்சி என்பவரின் எட்டு வயது மகள் சிந்துஜாவை ஒரு வெள்ளை வேன் பள்ளித் தெரு முனையில் ஏற்றிக்கொண்டது. ரயில்வே கேட் மூடியிருந்ததால் வேன் நின்றது. அங்கே கருவாடு விற்கும் எங்கள் குழு உறுப்பினர் விருத்தாம்பாள் பிள்ளையைப் பார்த்துவிட்டு, வண்டி ஓட்டியவரிடம் முறைப்படி வீட்டுப் பெயரைக் கேட்டார். அவர் தயங்காமல் சரியான பெயரைச் சொன்னார். ஐயா, அந்தப் பெயரை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. மன்னிக்கவும்.

7. பெயர் சரியாக இருந்ததால் விருத்தாம்பாள் விலகிக்கொண்டார். அப்போது அந்த ஆள் சும்மா இருக்காமல், “அவுங்க அம்மா கம்பெனிலேந்து கூட்டியாரச் சொன்னாங்க” என்று கூடுதலாக ஒரு வார்த்தை சொன்னார். ஜான்சி மூன்று நாளாகக் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தார். காலையில் அவருக்குக் கஞ்சி கொண்டு போய்க் கொடுத்தவரே விருத்தாம்பாள்தான். அவர் கருவாட்டுக் கூடையை வேனின் முன்னால் போட்டுவிட்டுக் கத்தினார். கேட்டில் நின்றவர்கள் கூடினார்கள். அந்த ஆள் பிள்ளையை இறக்கிவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். வண்டி எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் 47 என்பது மட்டும் தெரியும்.

8. எங்கள் நோட்டில் ஜான்சி ஆறு மணிக்கு வேலை முடிந்து வருவார் என்று எழுதியிருந்தது. அன்றைக்கு அது தவறாக இருந்தது. அந்தத் தவறுதான் பிள்ளையைக் காப்பாற்றியது. மற்ற நாற்பது வரிகளும் சரியாக எழுதியவை. தெரியாதவர் வண்டியில் ஏன் ஏறினாய் என்று சிந்துஜாவைக் கேட்டேன். “வூட்டுப் பேரு சொன்னாரு பெரிம்மா, அதான் ஏறுனேன்” என்றாள். நாங்கள் சொல்லிக் கொடுத்ததை அவள் அப்படியே செய்திருக்கிறாள்.

9. காவல் நிலையத்துக்குப் போனோம். பிள்ளைதான் கிடைத்துவிட்டதே என்று சொல்லி, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். 28.02.2012 அன்று நானும் அமராவதியும் பஸ் ஏறிச் சிதம்பரம் போய், ராபர்ட் என்றவர் நோட்டு வாங்க வந்தபோது கொடுத்த கார்டில் இருந்த முகவரியை அண்ணாமலை நகரில் தேடினோம். அங்கே இல்லமும் இல்லை, அலுவலகமும் இல்லை. மாணவர்கள் தங்கும் லாட்ஜின் கீழே ஒரு ஜெராக்ஸ் கடைதான் இருந்தது. கடைக்காரர் கண்ணாயிரம் நல்லவர். என் கையில் இருந்த நோட்டைப் பார்த்ததும், அட்டையில் என் மகள் ஒட்டிய மயில் படத்தை வைத்து அடையாளம் சொல்லிவிட்டார். “இருபது செட் போட்டாரும்மா, ஆளுக்கொண்ணு குடுக்கணும்னாரு” என்றார். கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

10. நேற்று ஞாயிற்றுக்கிழமை எல்லாத் தாய்மார்களையும் கூட்டி, நடந்ததை என் வாயாலேயே சொன்னேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வீட்டுப் பெயர்களை மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம். பிறந்ததிலிருந்து கேட்ட பெயரை விட்டுவிட்டுப் புதுப் பெயருக்கு மூன்று வயதுப் பிள்ளை திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன் என்கிறது. இருந்தாலும் இன்று காலை பள்ளிக்குக் கிளப்பும்போது ஒருவரும் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. எங்கள் தெரு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

11. ஆகவே, அந்த நபரையும் வேனையும் கண்டுபிடிக்கவும், அந்த இருபது நகல்களும் யார் யாரிடம் இருக்கின்றன என்று விசாரிக்கவும் காவல் துறைக்கு ஆணையிடுமாறு வேண்டுகிறேன். அதுவரை பள்ளி விடும் நேரத்திலிருந்து இருட்டும் வரை எங்கள் பகுதியில் ஒரு காவலர் நிற்க வேண்டும். இனி நடக்கும் கூட்டங்களில், யார் எந்த அமைப்பிலிருந்து வருகிறார் என்று சரிபார்த்த பிறகே உள்ளே விட வேண்டும். என் மீது நடவடிக்கை எடுப்பதானால் எடுங்கள், தட்டாமல் வருவேன். ஆனால் குழுவை மட்டும் கலைத்துவிட வேண்டாம். அது இல்லாவிட்டால் நாளை மாலை அந்தப் பிள்ளைகள் பூட்டிய வீட்டு வாசலில்தான் நிற்பார்கள். அவர்கள் அங்கே நிற்கும் நேரம் இருபது பேருக்குத் தெரியும்.

12. இந்த மனுவின் மீதான பதிலைத் தபாலில் அனுப்பாமல், என்னை நேரில் அழைத்துச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். தபால்காரர் வரும் நான்கரை மணிக்கு என் வீட்டில் பத்து வயது மகள் நித்யா மேரி மட்டும்தான் இருப்பாள்.

இதை எழுதி முடித்த பிறகுதான் மறுபடியும் அதே தவறைச் செய்திருக்கிறேன் என்று தெரிந்தது. அடிக்கப் பார்த்தேன். அடித்தால் தங்களுக்குக் காரணம் தெரியாது என்று விட்டுவிட்டேன். இந்தப் பத்தியைத் தாங்கள் மட்டும் படித்துவிட்டு, நகல் எடுக்காமல் வைத்திருக்க வேண்டும்.

பயத்தோடும் தங்கள் மேல் உள்ள நம்பிக்கையோடும்,

யா. இன்னாசிமேரி
(கையொப்பம்)

இடம்: கடலூர் முதுநகர்
நாள்: 05.03.2012

இணைப்பு: இல்லை. நோட்டை இணைக்க வேண்டும் என்று மனு வாங்கும் இடத்தில் சொன்னார்கள். நேற்றே கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அதை அடுப்பில் வைத்துவிட்டோம். நாற்பத்தொரு பெயரும் எனக்கு மனப்பாடம். தாங்கள் அழைத்தால் வந்து, கதவைச் சாத்திவிட்டு, தங்கள் காதில் மட்டும் சொல்கிறேன். அதில் என் மகளின் பெயரும் இருக்கிறது.