பஸ்ராவுக்குப் போகும் பெட்டிகள்

அன்புள்ள நானா,

இன்று பதுளை ஸ்டேஷனில் தேயிலைப் பெட்டிகளை ஏற்றக் கொண்டுவந்தவன், அவற்றில் ஒன்றின்மேலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆமாம், நம் ஊருக்கும் ரயில் வந்துவிட்டது. நீங்கள்தான் பார்க்காமல் போய்விட்டீர்கள். புதுப் பலகை வாசத்துக்குள்ளிருந்து தேயிலை வாசம் மெல்லக் கசிகிறது. பெட்டியின் பக்கவாட்டில், என் முழங்காலுக்குக் கீழே, கறுப்பு மையில் அரபு எழுத்து: பஸ்ரா. எனக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே அரபுச் சொல் அதுதான். கப்பல் தளத்தில் உட்கார்ந்து நீங்கள் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிக்காட்டியது.

வண்டி புறப்பட இன்னும் நேரம் இருக்கிறது. அதுவரை உங்களோடு பேசுகிறேன். இப்போதெல்லாம் உயிரோடு இருப்பவர்களோடு பேசத்தான் களைப்பாக இருக்கிறது.

நாம் போன காலத்தில் ரயிலைப் பிடிக்கவே பண்டாரவளைவரை மாட்டுவண்டியில் போகவேண்டும். உங்களுக்குப் பதுளைக் கடைவீதியில் ஒரு துணிக்கடை, பூனாகலைப் பக்கம் ஒரு சின்னத் தேயிலைத் தோட்டம். நான் அந்தத் தோட்டத்தில் இலையைத் தேயிலையாக்கும் டீமேக்கர்; முதலாளி என்று கூப்பிடாமல், உங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நானா என்றே கூப்பிட்டேன். மூன்று பக்கமும் கம்பனித் தோட்டம் வளைத்துக்கொண்டிருந்தது. கொழும்புத் தரகர்களின் மேசையில், கம்பனித் தேயிலையெல்லாம் விற்றுத் தீர்ந்த பிறகுதான் நம் தேயிலையை முகர்ந்து பார்ப்பார்கள். நமக்கென்று ஒருவன் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் தோட்டம் கம்பனிக்குப் போய்விடும். இது உங்களுக்கும் தெரியும், தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

அப்போதுதான் கம்பனித் துரை கடைக்கு வந்தார். லண்டனில் விலை விழுந்துவிட்டதால், புதிய சந்தை தேடி அரபுநாட்டுத் துறைமுகங்களுக்குத் துரைமார் ஒரு குழுவாகப் போகிறார்களாம். நீங்கள் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "உனக்கு அரபு தெரியும்தானே?" என்று கேட்டார். "சின்ன வயசிலருந்து ஓதுறேன் தொர" என்றீர்கள். அவருக்கு அது போதுமாக இருந்தது. நீங்கள் மொழிபெயர்க்க, நான் மாதிரித் தேயிலையைக் காய்ச்சிக் கொடுக்க என்று இருவருக்கும், நம் தேயிலைப் பெட்டி ஒன்றுக்கும் கப்பலில் இடம் கிடைத்தது.

கராச்சியைத் தாண்டும்போதுதான் வாயைத் திறந்தீர்கள். நான் வாந்தியெடுத்து ஓய்ந்து, கயிற்றுச் சுருளில் சாய்ந்து கிடந்தேன்.

"தம்பி, ஒரு சங்கதி. எனக்கு ஓதத்தான் தெரியும். பேசுறது வெளங்காது."

"கடுதாசியெல்லாம் அரபுலதானே எழுதுறீங்க?"

"எழுத்துதான் அரபு. உள்ளுக்கு இருக்கிறது நம்மட தமிழ்."

"தொரைகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"சொன்னா கடல்ல தள்ளிருவான்" என்று சொல்லிவிட்டு நீங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்காக உங்கள்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு, சொல்லிவிட்டேன்.

பஸ்ராவின் வெயில் நம் மொனராகலை வெயிலைக் குளிர்காலம் ஆக்கிவிடும். துறைமுகத்தில், அப்போது அந்த ஊரை ஆண்ட துருக்கி அதிகாரிகள் பெட்டிகளைக் குடைந்து பார்த்து முடிப்பதற்குள் பாதிப் பேர் சுருண்டு விழுந்தோம். துரையும் காய்ச்சல் வந்து சத்திரத்தில் படுத்துவிட்டார், மற்றத் துரைமாரும் எழவில்லை. பேரீச்சம்பழக் கிடங்கு வைத்து, தேயிலையும் வாங்கி விற்ற அந்தப் பெரியவரைப் பார்க்க, மாதிரித் தேயிலையைத் தூக்கிக்கொண்டு நாம் இருவர் மட்டும் போனோம்.

கம்பனித் தேயிலையையும் நம்முடையதையும் நான் தனித்தனியாகக் காய்ச்சியதைச் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்தார். கம்பனிச் சாயத்தை ஒதுக்கிவிட்டு நம்முடையதை மறுபடி கேட்டார். தோட்டம் பிழைத்தது என்றே நினைத்தேன். பிறகு அவர் பேசத் தொடங்கினார். நீளமாக, அன்பாக, கையை விரித்து விரித்துப் பேசினார். நீங்கள் நெஞ்சில் கைவைத்து, "நஅம்" என்றீர்கள். ஆமாம் என்று அர்த்தம். அவர் இன்னும் பேசினார். "நஅம்." கடைசியில் அவர் உங்கள் கையைப் பிடித்து, பிறகு இரண்டு கைகளையும் ஏந்தி இறைவனிடம் துஆ கேட்டார். நீங்களும் ஏந்தி, "ஆமீன்" என்றீர்கள்.

வெளியே வந்ததும் கேட்டேன். "என்னங்க சொன்னாரு?"

"தெரியாது. நல்லதாத்தான் சொல்லியிருப்பாரு."

"தெரியாமலா அத்தனைக்கும் ஆமான்னீங்க?"

"அரபில பேசுற மனுசனுக்கு இல்லண்டு சொல்ல எனக்கு வாய் வருதில்லயே தம்பி."

மறுநாள் அவருடைய பம்பாய்க் கணக்கர் வந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியும், மிஷன் பள்ளிக்கூடப் புண்ணியத்தில் எனக்கும் தெரியும். பெரியவர் கேட்டிருந்தது இதுதான்: வருடா வருடம், இதே தோட்டத்துத் தேயிலை, கப்பல் கப்பலாக. நம் தோட்டத்தில் பூவும் வேரும் சேர்த்துப் பறித்தாலும் அதில் ஒரு மூலை நிறையாது. உங்கள் வாக்கை நம்பி அவர் வேறொரு வியாபாரியைத் திருப்பியும் அனுப்பிவிட்டார்.

நீங்கள் பேரீச்சம்பழக் கூடை ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டீர்கள்.

"போயி வெளங்கலன்னு சொல்லிருங்க நானா. யாரும் அடிக்கப்போறதில்ல."

"கை குடுத்துட்டேன். துஆவுக்கு ஆமீனும் சொல்லிட்டேன். அத எப்படித் திருப்பி வாங்குற?"

நேரே துரையின் கட்டிலுக்குப் போய், அரபு விளங்காது என்பதையும் சொல்லி, நடந்த எல்லாவற்றையும் சொன்னீர்கள். அவர் திட்டவில்லை. காய்ச்சலிலும் அவருக்குக் கணக்கு தெளிவாக இருந்தது. மீதித் தேயிலையைக் கம்பனி கொடுக்கும், பெரியவருக்குச் சொன்ன சொல் நிற்கும். ஆனால் ஒரே தோட்டத்துத் தேயிலை என்று பெட்டியில் எழுதவேண்டுமானால், உங்கள் தோட்டம் கம்பனியோடு சேரவேண்டும்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். "சரி தொர" என்றீர்கள். அது மட்டும் நன்றாக விளங்கித்தான் சொன்னீர்கள்.

கொழும்புவரை உங்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். யாரோ ஒரு கிழவருக்காகத் தோட்டத்தை விட்டுவிட்டீர்களே என்றேன். நீங்கள் சுண்ணாம்புக் கட்டியால் தளத்தில் கிறுக்கிக்கொண்டிருந்தீர்கள். பிறகு என்னைக் கூப்பிட்டு, "இது பஸ்ரா. படிச்சுக்கங்க. பெட்டி மாறிப் போயிரப்படாது" என்றீர்கள். அந்த நேரத்திலும் உங்களுக்குப் பெட்டிதான் கவலை.

அதற்குப் பிறகு நம் தோட்டத்தில் கம்பனிக் கங்காணி காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி, பெரட்டுக்குப் பேர் கூப்பிட்டார். லயத்து ஆட்கள் அதே லயத்தில்தான் இருந்தார்கள், நானும் வேலையில் இருந்தேன். நீங்கள் மட்டும் வெளியாளாகிவிட்டீர்கள். எப்போதாவது வண்டியில் வந்து, தோட்டத்து எல்லையில் இறங்கி நின்று, ஆள் விட்டு என்னைக் கூப்பிடுவீர்கள். "பஸ்ராவுக்குப் போன சரக்கு சுத்தமா இருந்திச்சா?" என்று ஒரே கேள்வி. யாருடைய சரக்கு, யாருக்கு என்ன கவலை என்று எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் அந்தப் பெட்டிகளுக்கு மட்டும் இலையை இரண்டு தரம் சலிக்க வைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான். என் கையால் வேறு மாதிரிச் செய்ய முடியவில்லை.

யுத்தம் வந்து கப்பல் நின்றபோது, "அந்த மனுசன் உசிரோட இருக்காரோ" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். கப்பல் மறுபடி ஓடத் தொடங்கியபோது நீங்கள் இல்லை. உங்களைத் தூக்கிக்கொண்டு போன அன்று பள்ளிவாசல் தெருவில், கடைக்காரர்களுக்குப் பின்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றேன். அங்கே தொப்பியைப் போட்டுக்கொண்டு நிற்கவேண்டும் என்று யாரோ சொன்னார்கள். எனக்கு அதுகூடத் தெரியவில்லை.

இன்று காலை நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன், நானா. பெரியவருடைய மகன் பஸ்ராவிலிருந்து தோட்டம் பார்க்க வந்திருக்கிறார். அப்பாவின் அதே மூக்கு, அதே கை விரிப்பு. துரை பங்களாவிலேயே தங்கிவிட்டார், மொழிபெயர்ப்பவரும் அவரோடு நின்றுவிட்டார். மகன் மட்டும் ஸ்டேஷனுக்கு வந்து பெட்டிகளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம் அரபில் நீளமாகப் பேசினார். நடுவில் உங்கள் பெயரைக் கேட்டேன். ஒரு தரம் இல்லை, இரண்டு மூன்று தரம். பேசி முடித்து, கேள்வி கேட்ட முகத்தோடு நின்றார்.

தலையை ஆட்டி, நீங்கள் போய்விட்டீர்கள் என்று சைகையாவது காட்டியிருக்கலாம். என் கை நெஞ்சுக்குப் போனது. "நஅம்" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு கைகளையும் ஏந்தி உங்கள் பெயரைச் சொல்லி துஆ கேட்டார். நானும் ஏந்தி, எங்கள் மாதா கோயிலில் சொல்வதுபோல, "ஆமென்" என்றேன்.

நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா என்று அவர் கேட்டிருந்தால், சுகம் என்று சொல்லிவிட்டேன். இல்லை என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை, நானா.